கேக்காம கழுத்துல கை வைக்காத சலூன், எங்க ஏரியால

மதுரை வில்லாபுரத்துல எங்க தெரு முக்குல இருக்கற ரெண்டு சேர் சலூன் பத்தி தான் எழுதுறேன். கட்டிங் 120 ரூபா, ஏசி கிடையாது, ஞாயித்துக்கிழமை போனா ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காரணும், ஆனாலும் நாங்க வேற கடைக்கு போறதில்ல.

என் தம்பிக்கு வாஸ்குலர் எலர்ஸ் டான்லோஸ்னு ஒரு பரம்பரை நோய். ரத்தக்குழாய் சுவருக்கு பலம் குடுக்கற மூணாம் வகை கொலாஜன் உடம்புல சரியா உருவாகாது, சிஓஎல்3ஏ1ங்கற ஜீன்ல வர்ற கோளாறு. அவனுக்கு நெஞ்சுல பச்ச நரம்பு அப்படியே தெரியும், கட்டில் கால்ல லேசா இடிச்சாலே கன்னிப்போயிரும். அப்பாகிட்ட இருந்து வந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்கு பாதி வாய்ப்பு, எனக்கு வரல அவனுக்கு வந்துருச்சு.

முன்னாடி போயிட்டிருந்த கடைல (பேரு வேணாம்) முடி வெட்டி முடிச்சதும் ஒரு வார்த்தை கேக்காம அவன் தாடையையும் உச்சந்தலையையும் புடிச்சு டக்குனு ஒரு திருப்பு, நெட்டி முறிஞ்ச சத்தம் பெஞ்சுல இருந்த எனக்கு கேட்டுச்சு. நான் பதறிட்டேன். மூளைக்கு ரத்தம் கொண்டு போற நாலு பெரிய குழாய் கழுத்து வழியா தான் போகுது, அதுல பின்பக்கமா போற ரெண்டு குழாய் கழுத்தெலும்புல இருக்கற ஓட்டைக்குள்ள நுழைஞ்சு ஏறுது, வெடுக்குனு திருப்பினா உள்சுவர் கிழியலாம், கிழிஞ்ச எடத்துல ரத்தம் கட்டி அந்த கட்டி மேல போயி அடைச்சா பக்கவாதம். நல்லா இருக்கறவங்களுக்கே அபூர்வமா நடக்கறது, இவனுக்கு குழாயே பலவீனம். ஒரு பக்கமா புதுசா கழுத்து வலி, தலவலி, ஒரு கண் இமை மட்டும் எறங்குறதுனு எது வந்தாலும் உடனே 108க்கு போன் பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அன்னைக்கு ராத்திரி முழுக்க அவன் கண்ணையே பாத்துட்டு இருந்தேன். நல்லவேளை ஒண்ணும் ஆகல.

இந்தக் கடை அண்ணன்கிட்ட மொத நாளே சொன்னேன். அவரு கத்திரிய கீழ வச்சுட்டு முழுசா கேட்டாரு, "மசாஜும் வேணாமா தம்பி?"னு கேட்டாரு, கழுத்துக்கு எதுவுமே வேணாம்ணேனு சொன்னேன். ஷேவிங்குக்கு கத்தி எடுக்கறதே இல்ல, டிரிம்மர் தான். கழுத்துத் துணியக்கூட ரெண்டு விரல் எடம் விட்டு தான் கட்டுவாரு. போன மாசம் புதுப் பையன் ஒருத்தன் பழக்கதோஷத்துல தாடைக்கு கை கொண்டு போனப்ப "டேய் கைய எடு, அவருக்கு ஆகாது"னு பக்கத்து சேர்ல இருந்தே சத்தம் போட்டாரு. இப்ப அந்தப் பையன் எல்லார்கிட்டயும் கேட்டுட்டு தான் கழுத்த தொடுறான்.

5க்கு 5 குடுக்கறேன். டிவி சத்தம் மட்டும் கொஞ்சம் கொறைக்கலாம். செவ்வாய் லீவு, மத்த நாள் காலைல ஏழு மணிக்கு போனா கூட்டம் இருக்காது.