ஈரக்காற்றில் வாயுப் பகுப்பானை அளவுதிருத்துதல்: எதற்குச் சிலிண்டர், எதற்கு உப்புக் கரைசல்?

காபனீரொட்சைட்டு 4.26 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தை அண்டியும், நீராவி 2.6 மைக்கிரோமீற்றரை அண்டியும் கதிரை உறிஞ்சுகின்றன. அந்த உறிஞ்சலைக் கொண்டே செந்நிறக்கீழ் வாயுப் பகுப்பான் இரண்டின் செறிவையும் கணிக்கிறது. உறிஞ்சலைச் செறிவாக மாற்ற, தொழிற்சாலையில் வரையப்படும் வளைகோடு ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறுவதில்லை. காலப்போக்கில் விலகுபவை, அந்த வாயு அறவே இல்லாத காற்றைக் கொடுத்துச் சரிபார்க்கும் பூச்சியமும், தெரிந்த ஒரு செறிவைக் கொடுத்துச் சரிபார்க்கும் ஸ்பானும்தான். இலங்கையின் கிழக்கே வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ இருந்துகொண்டு வயல் மண்ணின் சுவாசத்தையோ வாவிக்கரைக் கண்டல்களையோ அளக்க முனைபவர், கையிலுள்ள பணத்தை இந்தப் படிகளில் எதற்குச் செலவிடுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். என் கணிப்பில், காபனீரொட்சைட்டு ஸ்பானுக்கு நல்ல சிலிண்டரைத் தவிர்க்க முடியாது, பூச்சியத்துக்குத் தவிர்க்கலாம், நீராவிக்கு எது தேவை என்பது நீங்கள் எதை அளக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பூச்சியத்துக்கு உயர்தூய்மை நைதரசன் என்பதே பாடநூல் விடை. சான்றிதழில் 99.999 சதவீதம் என்றிருந்தால் அதை நம்பலாம். சாதாரணத் தொழிற்தர நைதரசனை நம்ப முடியாது. ஆனால் அந்தச் சிலிண்டர் கொழும்பிலிருந்து லொறியில் வந்து சேர வேண்டும், தீர்ந்ததும் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். மாற்று வழி, வெளிக்காற்றையே இரண்டு குழாய்ப் பத்திகளினூடாகச் செலுத்திச் சுத்தப்படுத்துவதாகும். சோடாச் சுண்ணாம்பு முதலிலும் உலர்த்தி அடுத்ததாகவும் இருக்க வேண்டும். ஏனெனில் சோடாச் சுண்ணாம்பு வேலை செய்வதற்குச் சற்று ஈரம் வேண்டும், வேலை செய்யும்போது அதுவே நீரையும் வெளிவிடும். வரிசையை மாற்றினால் காபனீரொட்சைட்டுப் பூச்சியம் ஓரளவு சரியாக வரும், நீராவிப் பூச்சியம் பிழைத்துவிடும். உலர்த்தியாக மகனீசியம் பேர்குளோரேற்று மிகச் சிறந்தது. ஆயினும் அது வலிய ஒட்சியேற்றி என்பதால் மாணவர் கையாளும் ஆய்வுகூடத்தில் நான் நீரற்ற கல்சியம் சல்பேற்றையே விரும்புவேன். அது காபனீரொட்சைட்டைச் சிறிதளவு பிடித்துவைத்துப் பின்னர் விடும் இயல்புடையது. ஆகையால் காற்றைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பின்னரே வாசிப்பை எடுக்க வேண்டும். மயக்க மருந்து இயந்திரங்களுக்கான சோடாச் சுண்ணாம்பும் இதற்குப் பயன்படும். ஆனால் தீர்ந்துபோய் ஊதாவாகிய மணிகள் ஓய்வில் வைத்தால் மீண்டும் வெளுக்கும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. மண்ணின் மேல் ஒரு மூடிய பெட்டியைக் கவிழ்த்து அளக்கும் மூடிய அறை முறையில் நாம் கணிப்பது செறிவு ஏறும் வேகத்தையே. பூச்சியம் ஓரிரு பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) விலகினாலும் அந்த வேகம் பெரிதாக மாறாது. எனவே புதிதாக நிரப்பிய பத்தியே போதும்.

ஸ்பானில் ஏற்படும் பிழை அப்படியன்று, அதே விகிதத்தில் முடிவிலும் வந்து சேரும். இங்கே சான்றளிக்கப்பட்ட சிலிண்டருக்கு நிகரில்லை. அதிலும் மீதி வாயு நைதரசனாக இல்லாமல் காற்றாக இருக்க வேண்டும். ஒட்சிசன், காபனீரொட்சைட்டின் உறிஞ்சற் கோடுகளை (அது கதிரை உறிஞ்சும் ஒடுங்கிய அலைநீளப் பகுதிகளை) நைதரசனைவிடக் குறைவாகவே அகலப்படுத்துவதால், இரண்டிலும் ஒரே செறிவு இருந்தாலும் கருவி வெவ்வேறாக வாசிக்கும். சிலிண்டரைக் கடைசிவரை பயன்படுத்த ஆசைப்பட வேண்டாம். அழுத்தம் 20 பாருக்குக் கீழே இறங்கினால் சுவரில் ஒட்டியிருந்த காபனீரொட்சைட்டு விடுபட்டுச் செறிவை மாற்றக்கூடும். வெளிக்காற்றை வைத்து ஸ்பான் செய்வோரும் உண்டு. விடியற்காலையில் வயலோரக் காற்றின் செறிவு மிக உயர்ந்திருக்கும் என்பதால் அது முற்றிலும் தவறு. பிற்பகலில் கடற்காற்று வீசும் வேளையில் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் கருவி, ஈரத்தைக் கழித்த பின், 420களில் காட்டுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் அதைத் திருத்தமாகக் கொள்ள முடியாது.

நீராவியில்தான் உண்மையான போட்டி. பனிபடுநிலை என்பது காற்றிலுள்ள நீராவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை. பனிபடுநிலை உண்டாக்கி என்னும் கருவி, காற்றைத் தெரிந்த வெப்பநிலையில் நீராவியால் நிரம்பச் செய்து அனுப்புகிறது. 20 பாகை செல்சியஸில் நிரம்பல் ஆவியழுத்தம் 2.34 கிலோபஸ்கால், கடல்மட்ட அழுத்தத்தில் அது ஒரு மோல் காற்றுக்கு 23 மில்லிமோல். வெப்பநிலையில் 0.2 பாகை பிழை இருந்தால் முடிவில் ஏறத்தாழ 1.2 சதவீதப் பிழை. உப்புக் கரைசல் முறையோ மலிவானது: கரையாத உப்பு அடியில் எஞ்சும்படி கரைத்த சோடியம் குளோரைட்டு, மூடிய கலத்தில் 25 பாகையில் 75.3 சதவீதமும் 30 பாகையில் 75.1 சதவீதமும் சாரீரப்பதனை (நிரம்பல் ஆவியழுத்தத்தின் சதவீதமாகக் கூறப்படும் ஈரப்பதனை) தருகிறது. சாரீரப்பதன் அசையாமல் நின்றாலும் ஆவியழுத்தம் வெப்பநிலையோடு ஏறும். வெப்பமானி அரைப் பாகை தவறினால் 3 சதவீதம் பிழைக்கும். தவிர, காற்றைக் கரைசலின் மேலாக ஒருமுறை மட்டும் ஓடவிட்டால் அது சமநிலையை எட்டாது. பகுப்பானுக்கும் கலத்துக்கும் இடையே மூடிய சுற்றில் நெடுநேரம் சுழலவிட வேண்டும். கண்ணாடியைக் குளிர்வித்து, பனி படியும் வெப்பநிலையை அளக்கும் குளிர்கண்ணாடி ஈரமானி மூன்றாவது தெரிவு. துல்லியத்தில் அதுவே மேல், ஆனால் விலை அதிகம், கடற்கரையின் உப்புத்துகள் கண்ணாடியில் படிவதால் அடிக்கடி துடைக்கவும் வேண்டும்.

மட்டக்களப்புக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே காற்றின் பனிபடுநிலை பெரும்பாலும் 23 முதல் 26 பாகை வரை நிற்கிறது. ஆய்வுகூட ஏசியோ 22இல் ஓடுகிறது. அந்த அறையில் உண்டாக்கியை 25இல் வைத்தால் நீர் குழாயிலேயே ஒடுங்கிவிடும். அதற்கு அஞ்சி 17இல் வைத்துத் திருத்தினால், கருவி 19 மில்லிமோலில் திருத்தப்பட்டு 31 மில்லிமோலில் வேலை செய்யப்போகிறது. ஏசியை நிறுத்தி, அறை 30 பாகைக்கு வந்த பின் உண்டாக்கியை 25இல் வைப்பதே சரி. வியர்வையோடு செய்ய வேண்டிய வேலைதான். உப்புக் கரைசலும் 30 பாகையில் ஏறத்தாழ அதே 31 மில்லிமோலைத் தருவது நமக்கு வாய்ப்பானது.

இனி, எவருக்கு எது? நீர் நிற்கும் வயலில் மூடிய அறையினுள் நீராவி 25இலிருந்து 31 மில்லிமோலுக்கு ஏறினால், நீராவி இடம்பிடிப்பதால் வரும் அந்த ஐதாக்கலால் மட்டுமே காபனீரொட்சைட்டு 2.5 பிபிஎம் குறைந்ததாகத் தோன்றும். ஆகவே நீராவியை அளந்து கழித்தே ஆக வேண்டும். ஆனால் நீராவி ஸ்பான் 5 சதவீதம் பிழைத்தாலும் அந்தத் திருத்தம் 0.13 பிபிஎம் அளவே மாறும். காபனீரொட்சைட்டு வெளியேறும் வேகம் மட்டும் வேண்டுவோருக்கு உப்புக் கரைசல் போதும். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் பயிர் இழக்கும் நீரைக் கணிக்க விரும்புவோருக்கோ அந்த 5 சதவீதம் நேரடியாக நீர்க்கணக்கில் ஏறும். அவர்கள் உண்டாக்கியை வாங்கியோ இரவல் பெற்றோ செய்வதே முறை. எந்த முறையானாலும் சிலிக்கோன் குழாயைத் தவிர்க்கவும்; அது ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் தன்னூடே கசியவிடும்.