செயினை ஒழித்துவிட்டு என்ன மாட்டுவது? ஷாஃப்ட்டா, வயரா, பெல்ட்டா?

வருங்கால சைக்கிள் என்று யார் வரைந்து போட்டாலும் அதில் முதலில் காணாமல் போவது செயின்தான். பேண்ட்டில் கறை, மழைக்கு அப்புறம் துரு, அவசரமாகப் போகும்போது பார்த்துக் கழன்றுகொள்வது என்று அதன் மேல் புகார்ப் பட்டியல் நீளம், மறுக்கவில்லை. ஆனால் 1880-இல் ஹான்ஸ் ரெனால்டு மான்செஸ்டரில் உருவாக்கிய புஷ் ரோலர் செயினின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சுத்தமாக, எண்ணெயோடு இருக்கும் செயின் கால் கொடுக்கும் சக்தியில் நூற்றுக்கு 97, 98 பங்கைப் பின்சக்கரத்தில் சேர்த்துவிடும். 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகச் சோதனையில் 98.6 வரைகூட வந்தது. போட்டிக்கு வருகிறவன் மிச்சமிருக்கிற இரண்டு சதவீதத்தில்தான் வித்தை காட்ட வேண்டும்.

அதனால் நான் கேட்பது இரண்டுதான். மிதிக்கிறதில் எவ்வளவு சக்கரத்துக்குப் போகிறது? நடுவழியில் போய்விட்டால் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் கை வைக்க முடியுமா?

முதலில் ஷாஃப்ட். பெடலிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தண்டு, இரண்டு முனையிலும் பெவல் கியர் (சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் சாய்வான பல் சக்கரம்), எல்லாம் மூடிய குழாய்க்குள். பார்க்க அவ்வளவு அழகு. புதுக் கண்டுபிடிப்பு என்று விற்கிறார்கள், ஆனால் அமெரிக்காவில் கொலம்பியா செயின்லெஸ் என்ற பெயரில் இதே சரக்கு 1890-களிலேயே விற்பனைக்கு வந்தாகிவிட்டது. ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 60 கிலோ ஆள் 17 செ.மீ. கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) ஏறி நின்று மிதிக்கிறார். முன்னால் 48 பல் சக்கரம் என்றால் அதன் ஆரம் 10 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, ஆக செயினில் வரும் இழுவை சுமார் 105 கிலோ, அதையும் பல பற்கள் பகிர்ந்துகொள்கின்றன. அதே மிதியை 3 செ.மீ. ஆரமுள்ள பெவல் கியரில் போட்டால் 340 கிலோ, தாங்குவது ஒன்றிரண்டு பற்கள். மேடு ஏறும்போது ஃப்ரேம் லேசாக வளையும் பாருங்கள், அப்போது அந்தப் பற்கள் விலகப் பார்க்கும். விலகாமலிருக்க ஃப்ரேமையும் உறையையும் தடியாக்கினால் எடை ஏறும், கியர்ப் பற்களின் உராய்வு தனி. ஓய்வாகச் சமதரையில் ஓட்டுகிறவர் வாங்கட்டும், எனக்கு வேண்டாம்.

இதற்கு ஒரு ஹைடெக் தம்பி உண்டு. டென்மார்க்கின் செராமிக்ஸ்பீட் 2018-இல் யூரோபைக் கண்காட்சியில் காட்டிய டிரிவன். பற்களுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி பேரிங்குகள், பின்னால் தட்டையான தட்டில் 13 கியர், 99 சதவீதம் என்றார்கள். நம்பலாம், சோதனைக் கூடத்தில். திறந்து கிடக்கும் பேரிங்கில் சேறு புகுந்தால் என்ன ஆகும்? சாதாரணக் கடையில் கேட்டு வாங்கும் பொருளாக அது இன்னும் ஆகவில்லை.

அப்புறம் வயர். இதில் பெடல் வெறும் ஜெனரேட்டர். நீங்கள் மிதிப்பது மின்சாரமாகி, ஒயர் வழியாக சக்கரத்தின் மோட்டாருக்குப் போகிறது. கொரியாவின் மாண்டோ 2012-இல் ஃபுட்லூஸ் என்று ஒரு மடக்கு சைக்கிள் இப்படிக் கொண்டுவந்தது, 2021-இல் ஜெர்மனியின் ஷாஃப்லர் ஃப்ரீ டிரைவ் என்று காட்டியது. ஜெனரேட்டர், கண்ட்ரோலர், மோட்டார் என்று மூன்று கை மாறுகிறது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்குப் பத்து போகிறது என்று வைத்தால் மிஞ்சுவது 73. நிதானமாக ஓட்டுகிற ஒருவர் தருவதே 75 வாட் அளவில்தான் இருக்கும், அதில் கால்வாசியைக் கமிஷனாகக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? பேட்டரி கைகொடுத்தால்தான் இது சைக்கிள். ஆனால் சாமான் ஏற்றும் மூன்று, நான்கு சக்கர வண்டிக்கு இது பிரமாதமான யோசனை என்பேன். அங்கே செயினை இரண்டு மீட்டர் வளைத்து வளைத்து இழுக்க வேண்டியதில்லை, பெடலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், மோட்டார் எப்படியும் இருக்கிறது.

மிச்சம் பெல்ட். அசல் போட்டி இங்கேதான்.

பாலியூரித்தேனுக்குள் கார்பன் நார் ஓடும் பல் வைத்த பெல்ட். கேட்ஸ் நிறுவனத்துடையது பிரபலம். எண்ணெய் கேட்காது, துருப்பிடிக்காது, அழுக்கானால் தண்ணீர் ஊற்றினால் போதும். சாதாரணமாக மிதிக்கும்போது இழப்பு செயினைவிடச் சற்றுக் கூடுதல்தான், ஆனால் நிஜத் தெருவில் ஓடும் செயின் சோதனைக் கூடத்துச் செயின் இல்லையே! மூன்று மாதம் எண்ணெய் காணாமல் மணல் தின்ற செயினோடு ஒப்பிட்டால் எனக்கு பெல்ட்டே மேல்.

சிக்கல் வேறு இடத்தில். பெல்ட்டுக்கு செயின் மாதிரி பிரிக்கிற கண்ணி கிடையாது, முழு வளையம். ஃப்ரேமில் பின்சக்கரத்தைத் தாங்கும் முக்கோணத்தை எங்காவது அறுத்து, திறந்து மூடுகிற மாதிரி செய்தால்தான் உள்ளே நுழைக்க முடியும். அதனால் வீட்டில் இருக்கிற பழைய சைக்கிளில் பெரும்பாலும் மாட்ட முடியாது. கையில் மடக்கினால் உள்ளே நார் முறியும், வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு ஒருநாள் பட்டென்று அறுந்துபோகும். செயினைப் பல் சக்கரத்துக்குப் பல் சக்கரம் தள்ளி கியர் மாற்றும் டெரெய்லியரோடு ஒத்துப்போகாது; கியர் வேண்டுமென்றால் பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள் இருக்க வேண்டும். 14 கியர் வைத்த ரோலாஃப் ஹப் 1998-இலிருந்து கிடைக்கிறது, அருமையான சாமான், விலையைக் கேட்டால் நம் ஊரில் பைக்கே வாங்கிவிடலாம் என்று தோன்றும். பிரித்து இணைக்கும் பெல்ட்டும் வந்திருக்கிறது, வீர் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. ஃப்ரேமை அறுக்க வேண்டாம். நான் கண் வைத்திருப்பது இந்த வகையில்தான், ஏனென்றால் பெல்ட் மலிவான சைக்கிளுக்கு இறங்கி வருவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வியில் செயின்தான் இன்னும் ராஜா. அரை அங்குலக் கண்ணி, எந்த ஊரிலும் கிடைக்கும், அறுந்தால் ஒரு கண்ணியைத் தட்டிக் கழற்றிவிட்டு மிச்சத்தைச் சேர்த்து ஓட்டிப்போகலாம். உண்மையில் செயினைக் கெடுத்தது செயின் அல்ல, மூடியை எடுத்ததுதான். பழைய கறுப்பு சைக்கிளில் முழு செயின் கேஸ் இருக்கும், நெதர்லாந்தில் இன்றைக்கும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டைல் என்று அதைக் கழற்றி அரை கார்டு போட்டோம், மணல் உள்ளே போனது. கண்ணிகளைக் கோக்கும் ஊசியும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குட்டிக் குழலும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் இம்மி இம்மியாக இடைவெளி கூடும், செயின் நீண்டு தொங்கும், அந்த நீண்ட செயின் பல் சக்கரத்தையும் தின்றுவிடும்.

ஆக, சமதரை ஊரில் பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்ட, கியரே இல்லாத பெல்ட் சைக்கிள் ஒன்று நியாய விலையில் வந்தால் என் ஓட்டு அதற்கு. அதுவரை முழு மூடி போட்ட செயின். சரக்கு வண்டி செய்கிறவர்கள் வயரைப் பார்க்கட்டும். ஷாஃப்ட் வாங்கியே ஆவேன் என்று நிற்கிறவர்கள், பஞ்சர் ஆனால் பின்சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்று விற்பவரிடம் கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.