குறுஞ்செய்தியா, செயலியா?

சர்க்கரை நோயைத் தடுக்க மக்களுக்கு நினைவூட்டும் கருவியை எதில் தொடங்குவது என்று தடுமாறுபவர்களுக்காக இது.

செலவு: குறுஞ்செய்திக்குக் குறைவு. செயலியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எளிமை: குறுஞ்செய்தி பட்டன் போனிலும் வரும். செயலிக்கு ஸ்மார்ட்போன், டேட்டா, பாஸ்வேர்ட் எல்லாம் வேண்டும்.

நீடிப்பு: முக்கியமானது இதுதான். செயலியை ஆர்வமாக இறக்கிவிட்டு, அப்புறம் திறக்காமலே விடுபவர்கள் ஏராளம். குறுஞ்செய்தி தானாகத் தேடி வரும். சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு 2013-இல் வெளியானது. நோய் வரும் அபாயத்தில் இருந்த 537 ஆண்களை 2 ஆண்டுகள் கவனித்தார்கள். ஊக்கமூட்டும் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. எளிய கருவிக்கு இது பெரிய வெற்றி!

பயனருக்கு உடனுக்குடன் பதில் தருவது: இதில் செயலிதான் மேல்.

நடை, உணவு பற்றிப் பலருக்கு நினைவூட்டக் குறுஞ்செய்தி போதும். ஏற்கெனவே நோய் வந்து, தினமும் சர்க்கரை அளவு பார்த்து இன்சுலின் போடுபவருக்குச் செயலி செய்யுங்கள்.