பல் மருத்துவப் பட்டம் (பி.டி.எஸ்.) முடித்தாயிற்று: ராமநாதபுரம் கடற்கரையில் கிளினிக் போட எந்தப் பயிற்சி உதவும்?

நாலு வருடப் படிப்பு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு. இவ்வளவும் முடிந்தால் தொண்டியிலோ மண்டபத்திலோ சாயல்குடியிலோ கிளினிக்கையும் பதிவு செய்துவிட்டுப் போர்டு மாட்டலாம், சட்டம் தடுக்காது. ஆனால் கை பழகாமல் உட்கார வேண்டாம் என்பேன். பழக மூன்று வழி உண்டு: எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு, அரசு ஆஸ்பத்திரி, சீனியர் ஒருவரின் கிளினிக்.

எம்.டி.எஸ். பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இன்னும் மூன்று வருடம், அதுவும் ஒரே துறையில். தனியார் கல்லூரிக் கட்டணத்தை உட்கார்ந்துகொண்டு கேட்பது நல்லது. வேர் சிகிச்சையில் தேர்ந்து வருபவர் அந்த மூன்று வருடமும் ஒரு பல் செட்டுக்குக்கூட அளவெடுக்காமல் இருந்திருக்கலாம். நம் பக்கத்துச் சிற்றூரில் ஒரே துறையை நம்பிக் கடை விரித்தால் கூட்டம் சேராது. கன்சல்டன்டாக ஊர் ஊராகப் போகலாம். நல்ல வருமானம்தான், ஆனால் அது பொதுப் பல் மருத்துவம் இல்லை.

அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணி கிடைத்தால் விடாதீர்கள். முகம் வீங்கி வருபவர், ஏற்கெனவே யாரோ பிடுங்கி வேர் உடைந்து நிற்கும் கடவாப்பல், சுகரும் பிரஷரும் எகிறிய பாட்டி என்று வெளிநோயாளிப் பிரிவில் (ஓ.பி.யில்) எல்லாம் வரும். அதைவிட முக்கியம், புகையிலை போடும் வாய்கள். வெத்தலை பாக்கு, புகையிலை போடுகிறவரை அவருடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். இரண்டோடு நின்றால் வாய் சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம்; கன்னத்தின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா, தடவினால் நார் நாராக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வாரமாக ஆறாத புண் என்றால் மருந்து தடவி அனுப்பாமல், புற்றுநோயா என்று சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். கண் இதற்குப் பழகப் புத்தகம் போதாது, வாய்கள் வேண்டும். குறை என்னவென்றால், அங்கே பெரும்பாலும் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வதோடு சரி. வேர் சிகிச்சை செய்து கேப் போடும் வரை போவது அபூர்வம்.

அதைக் கிளினிக்தான் தரும். சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடவாப்பல் வேர் சிகிச்சையை முதலிலிருந்து கடைசிவரை என்னைச் செய்ய விடுவீர்களா? மழுப்பினால் இரண்டு வருடமும் கிளீனிங்தான். மதுரையைவிட பரமக்குடி, ராமநாதபுரம் கிளினிக்குகள் மேல் என்பது என் கட்சி. சம்பளம் குறையும், ஆனால் நீங்கள் பிறகு பார்க்கப்போகும் ஆட்களே அங்கே வருகிறார்கள். பாக் நீரிணைப் பக்கம் மீன்பிடிக்க விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்பது பழைய ஏற்பாடு. மீனவரிடம் போய் 'வியாழக்கிழமை மூணு மணிக்கு வாங்க' என்றால் வருவாரா? கடலுக்குப் போகாத நாளைக் கேட்டுத்தான் தேதி போட வேண்டும். முடிந்தால் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். முடியாவிட்டால், அவர் பத்து நாள் கழித்து வந்தாலும் தாங்குகிற மாதிரி வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, இறுக அடைத்து அனுப்ப வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரரிடம் நேரம் இருக்கும், காசு இருக்காது. தவணை பேசவும் அங்கேதான் பழகுவீர்கள்.

எதை முதலில் எடுப்பது? நோயாளிக் கூட்டம் குறைந்த தனியார் கல்லூரியில் படித்தவர் முதலில் ஓ.பி.க்குப் போகட்டும். அரசுக் கல்லூரியில் படித்தவருக்குப் பிடுங்கும் கை ஏற்கெனவே வந்திருக்கும், நேராகக் கிளினிக். பக்கத்துப் புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இப்போது படிப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

எந்த வழியில் போனாலும், பல் கருவிகளுக்குக் காற்று தரும் கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடிக்கவும், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவும் பழகிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றும் உப்புத்தண்ணியும் மெஷினைத் தின்றுவிடும்; மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டும்.