வாவிக் கரை வீடு என்று 42,000 ரூபாயை விழுங்கிவிட்டான் – பிள்ளைகளோடு நுவரெலியா போகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

42,000 ரூபாய். நுவரெலியாவில் இரண்டு இரவு தங்க ஒரு வீட்டுக்குக் கட்டிய காசு. வீடும் கிடைக்கவில்லை, காசும் திரும்பி வரவில்லை. வாங்கியவனின் நம்பர் நேற்று இரவிலிருந்து போகவே இல்லை.

கைக்குழந்தை, நேர்சரிப் பிள்ளை என்று கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எங்கே போகலாம், எங்கே தங்கலாம், என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் எல்லாவற்றையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இவன் கதையைச் சொல்லி முடிக்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

நாங்கள் மாத்தளை. மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்றரை. கூட வந்த மாமிக்கு முழங்கால் வருத்தம், படி ஏற முடியாது. இப்படி ஒரு கூட்டத்தோடு ஹோட்டல் அறையில் தங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுச்சாமத்தில் பால் காய்ச்ச இடம் இருக்காது, சின்னவன் அழுதால் பக்கத்து அறையில் கதவைத் தட்டுவார்கள். அதனால்தான் தனி வீடாகத் தேடினோம். ஏப்ரல் சீசனில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் ஓட்டம் என்று வாடகை வானத்துக்கு ஏறிவிடும். அதை விட்டுவிட்டு, பொயா (பௌர்ணமி விடுமுறை) வெள்ளிக்கிழமையில் வந்த நீண்ட வார இறுதியில் போகலாம் என்று முடிவெடுத்தோம். கேட்ட இடமெல்லாம் நிரம்பியிருந்தது. இவன் மாதிரி ஆட்கள் காத்துக்கொண்டிருப்பதும் இந்த மாதிரி நாட்களுக்குத்தான் என்று இப்போது விளங்குகிறது.

எல்லாரும் பிறந்தநாள் படம் போடுகிற சமூக ஊடகம் ஒன்றில், மலைநாட்டு வீடுகளை வாடகைக்குக் காட்டுகிற ஒரு பக்கம். பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்தொடர்கிறவர்கள் ஏராளம். கீழே "சூப்பர் பிளேஸ்", "பிள்ளைகள் நல்லா என்ஜோய் பண்ணினாங்க" என்று வரிசையாகக் கருத்துகள். கிரகரி வாவி தெரிகிற சின்ன வீடு, சுற்றி வேலி, முற்றத்தில் நீல நிறப் பெயிண்ட் அடித்த ஊஞ்சல். மகள் என் மடியில் இருந்தபடியே அந்த ஊஞ்சலைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஊஞ்சல் பேச்சுத்தான்.

அந்தப் பக்கத்துக்காரனுக்குக் கோல் எடுத்தேன். இங்கேதான் விஷயம் இருக்கிறது, கவனமாக வாசியுங்கள். அவன் காசைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை பேசவில்லை. "அக்கா, சின்னப் புள்ளைங்க இருக்காங்களா? எத்தனை வயசு?" என்று கேட்டான். நான் சொன்னதும், "அப்ப மேல் அறை வேணாம்க்கா, படி இருக்கு. கீழ் அறைய தாறேன். தொட்டில் ஒன்னு இருக்கு, அதுக்குத் தனியா காசு எடுக்கமாட்டேன். குசினியில கேஸ் இருக்கு, ராத்திரி பால் காய்ச்சிக்கலாம். எனக்கும் ரெண்டு வயசுப் புள்ள இருக்குக்கா, எனக்குத் தெரியாதா?" என்றான்.

நான் கேட்க நினைத்த கேள்விகளுக்கு எல்லாம் கேட்காமலே பதில் வந்தது. மாமிக்கு முழங்கால் ஏலாது என்றதும் வாசலில் படியே இல்லை என்றான். சுடுதண்ணி இருபத்துநாலு மணித்தியாலமும் வரும் என்றான். நம்ம ஊர்ப் பேச்சு, மரியாதையான குரல். பின்னால் ஒரு குழந்தை சத்தமும் கேட்டது. அது உண்மையில் அவனுடைய பிள்ளைதானா என்று இப்போது யோசிக்கிறேன்.

அப்புறம்தான் காசுப் பேச்சு வந்தது. ஒரு இரவுக்கு 21,000, இரண்டு இரவுக்கு 42,000. "லோங் வீகென்ட் அக்கா, வேற ரெண்டு பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க. சின்னப் புள்ள இருக்கிறதாலதான் உங்களுக்கு முதல்ல தாறேன்." இரவு ஒன்பது மணிக்கு போனிலேயே முழுத் தொகையையும் அனுப்பி, ஸ்லிப்பைப் படம் பிடித்துப் போட்டேன். உடனே பதில் வந்தது: "கன்ஃபர்ம் அக்கா, புள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மறக்காதீங்க."

ஸ்வெட்டராம்!

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பளை, புசல்லாவை தாண்டி இறம்பொடை வளைவுகளில் மகள் வாந்தி எடுத்தாள். ஆஞ்சநேயர் கோயிலில் நிறுத்தி முகம் கழுவிவிட்டு, லபுக்கலை தேயிலைக்கு நடுவே மெதுவாக ஏறினோம். ஊருக்குள் வர மூன்று மணி தாண்டிவிட்டது, பனிப்புகார் இறங்கத் தொடங்கியிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. பின்னேரம் ஆனால் குளிர் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஆளுநர் கிரகரி காலத்தில், 1873ல் கட்டிய வாவி. அதன் கரையை ஒரு வீட்டுக்காகச் சுற்றியது நாங்களாகத்தான் இருக்கும். அவன் அனுப்பிய லொகேஷன் ஒரு கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. பெரிய பூட்டு போட்டிருந்தது.

வேலிக்கு உள்ளே அதே வீடு. அதே ஜன்னல் கம்பி. முற்றத்தில் அதே நீல ஊஞ்சல்.

மகள் வேனிலிருந்து இறங்கி ஓடிப்போய் கேட் கம்பிக்குள் கையை விட்டாள். "அம்மா, திறங்க" என்றாள். அவனுக்குக் கோல் எடுத்தேன். "கேட்டுல நில்லுங்க அக்கா, பையன் சாவியோட வாறான்" என்றான். நின்றோம். சின்னவனுக்கு மூக்கு ஓடத் தொடங்கிவிட்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு வயதான காவல்காரர் வந்தார். காதை மூடிய கம்பளித் தொப்பி, கையில் டோர்ச். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாங்கள் வாயைத் திறக்க முன்னமே, "வாடகைக்கா வந்தீங்க? இந்த வீட்ட வாடகைக்கு விடுறதே இல்லம்மா. கொழும்புல இருக்கிற ஒரு குடும்பத்து வீடு இது. இப்படித்தான் ஆளுங்க புள்ளகுட்டியோட வந்து நிக்கிறாங்க. நானும் எத்தனை பேருக்குத்தான் சொல்றது" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. திரும்பவும் கோல் எடுத்தேன். இப்போது கதையை மாற்றிவிட்டான். "அந்த வீட்டுல மோட்டார் பழுதாயிருச்சு அக்கா, தண்ணி இல்ல. அதவிட நல்ல வீடு ஒன்னு தாறேன்." அதற்குள் ஒரு பையன் த்ரீவீலில் வந்து "பின்னாடி வாங்க" என்றான். போனோம். இருட்டுகிற நேரம், இரண்டு பிள்ளைகள், குளிரில் ஒரு வயதானவர். வேறு என்ன செய்ய?

ஊரைத் தாண்டி, வாவி கண்ணுக்கே தெரியாத ஒரு சரிவு. வீடு கீழே. இறங்குவதற்கு மண்ணில் வெட்டிய படிகள், ஈரம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மாமி வேனை விட்டு இறங்கவே இல்லை. நானும் இவரும் மட்டும் போய்ப் பார்த்தோம். படியோரத்தில் மூடியில்லாத தண்ணித் தொட்டி ஒன்று, என் இடுப்பளவு ஆழம். ஒன்றரை வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த முற்றத்தில் கண் சிமிட்ட முடியுமா? உள்ளே கட்டில் விரிப்புக்குக் கீழே கையை வைத்தேன், மெத்தை சில்லென்று ஈரம். சுடுதண்ணி ஹீட்டரின் சுவிட்சுக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. தொட்டில் எங்கே என்று கேட்டேன். பையன் மூலையைக் காட்டினான். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை எதிரெதிரே வைத்து, நைலோன் கயிற்றால் காலைச் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு தலையணை போட்டிருந்தது.

அதற்கு மேல், இது பெரிய வீடாம், இன்னும் 8,000 கொடுக்க வேண்டுமாம். பையனைக் கேட்டால், "நான் ஆள கொண்டாந்து விடுறது மட்டும்தான் மிஸ், எனக்கு ஒன்னும் தெரியாது" என்கிறான்.

வேண்டாம் என்று வந்துவிட்டோம். அன்றிரவு எங்களைக் காப்பாற்றியது அந்தக் காவல்காரர்தான். தனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேசி ஒரு அறை பிடித்துக் கொடுத்தார். சாதாரண அறை. ஆனால் மெத்தை காய்ந்திருந்தது, வீட்டு அம்மா தானே பால் காய்ச்சித் தந்தார். அவருக்கு நாங்கள் 42,000 அல்ல, அதில் கால்வாசியைக்கூடக் கொடுக்கவில்லை.

இனி காசு திருப்பிக் கேட்ட கதை.

முதலில், "நாளைக்குக் காலையில போடுறேன் அக்கா, சொரி." காலையில், "இன்னைக்குப் பொயா, பேங்க் மூடி." இரவு ஒன்பது மணிக்கு என் காசு அவனிடம் போனபோது மட்டும் வங்கியைத் திறந்தா வைத்திருந்தார்கள்? அதைக் கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்து, "எக்கவுண்ட்ஸ் பார்க்கிற மிஸ் லீவு." பிறகு, "ஸ்லிப்பை இன்னொருக்கா அனுப்புங்க." அனுப்பினேன். பிறகு, "ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்." எந்த ஓனர்? கொழும்பில் இருக்கிற, இவனைத் தெரியவே தெரியாத ஓனரா? கடைசியாகக் குரலை மாற்றிவிட்டான். "நாங்க வீடு குடுத்தோம், நீங்கதான் வேணாம்னு போனீங்க. கஸ்டமர் கென்சல் பண்ணினா ரீஃபண்ட் இல்ல." அக்கா என்ற சொல் அதோடு நின்றுவிட்டது. நம்பரும் நின்றுவிட்டது.

பக்கத்தைப் பற்றி அந்தச் சமூக ஊடகத்துக்கு முறைப்பாடு போட்டேன். பரிசீலித்தார்களாம், அவர்களுடைய விதி எதையும் பக்கம் மீறவில்லையாம். அடுத்தவன் வீட்டுப் படத்தைப் போட்டு 42,000 வாங்குவது எந்த விதிக்குள் வருகிறதோ. வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், கணக்குக்காரர் சம்மதிக்காமல் எங்களால் எடுத்துத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பொலிஸில் எழுதிக்கொண்டார்கள். அது எங்கே போய் நிற்குமோ, பார்க்கலாம்.

பக்கத்தில் கருத்துப் போட்டேன், அழித்துவிட்டான். அப்போதுதான் விளங்கியது, அங்கே "சூப்பர் பிளேஸ்" மட்டும் எப்படித் தங்கியிருக்கிறது என்று.

சொந்தக்காரர்கள் வேறு. "பார்க்காமல் எப்படி முழுக் காசையும் கட்டினாய்?" மாத்தளையிலிருந்து நுவரெலியாவுக்கு வீடு பார்க்க ஒருதடவை, தங்க ஒருதடவை என்று யார் போகிறார்கள்? முழுக் காசும் கட்டாவிட்டால் நீண்ட வார இறுதியில் யாரும் வீடு தருவதில்லை, கேட்டுப் பாருங்கள். ஏமாற்றியவனைக் கேட்க வழியில்லை என்று ஏமாந்தவளைக் கேட்கிறார்கள். எனக்கு எரிவது வேறொன்று. அவன் என் காசைக் கேட்க முன் என் பிள்ளைகளின் வயதைக் கேட்டான். அந்த அக்கறைக்குள்தான் தூண்டில் இருந்தது.

மிச்ச நாள் எப்படிப் போனது என்று கேட்டால், விக்டோரியா பூங்காவுக்கு மட்டும் போனோம். 1897ல் மகாராணியின் வைர விழாவுக்காகப் பெயர் வைத்த பூங்கா. ஊருக்கு நடுவே, பெரும்பாலும் சமதரை, சின்னப் பிள்ளைகள் ஓட நல்ல இடம். வாவியில் அன்னப்பறவைப் படகைப் பார்த்ததும் மகள் அடம்பிடித்தாள். சின்னவன் அளவுக்கு லைஃப் ஜக்கெட் இல்லை என்றார்கள், ஏறவில்லை. அம்பேவலப் பண்ணையில் மாடு காட்டுகிறேன், ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். 42,000 போன பிறகு எங்கே போவது? மாமி சீத்தாஎலியக் கோயிலையாவது பார்க்க ஆசைப்பட்டார், அதுவும் நடக்கவில்லை.

சரி, விபரமாக எழுதுகிறேன் என்றேன். மனம் இல்லை, மகனுக்குக் காய்ச்சல் வேறு. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பேசுகிறவனை அந்த வீட்டுக்குள் நின்று வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்கள். பழைய வீடியோ அனுப்புகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா என்று கேளுங்கள், 1912க்கு அழைத்தும் விசாரிக்கலாம். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977, பொலிஸுக்கு 119. வளைவு தொடங்க முன் பிள்ளைக்குப் பால் கொடுக்காதீர்கள். பம்பர்ஸும் மாற்றுடுப்பும் வேனில் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும். படகில் பிள்ளை அளவு ஜக்கெட் இல்லாவிட்டால், எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. சந்தேகம் வந்த நிமிடமே மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், சண்டை பிறகு பிடிக்கலாம். அவன் என்னோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டே, தான் அனுப்பிய படம், லொகேஷன், வொய்ஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்திருக்கிறான். பொலிஸில் காட்ட என்னிடம் இருந்தது அந்த 42,000 ரூபாய் ஸ்லிப்பும் அவனுடைய கணக்கு இலக்கமும்தான். பிள்ளைகளின் வயதைக் கேட்டு, மோட்டார் பழுது என்று சொல்லி உங்களையும் ஒருவன் இப்படி அலைக்கழித்திருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். கணக்கு இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரே ஆள் என்றால் சேர்ந்து போய் முறைப்பாடு கொடுக்கலாம்.