சிபாப் மெஷினோடு தொலைக்கண்காணிப்பும் சேர்த்து வாங்குங்கள்

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்சினை. அதற்காக, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் வாங்கிய புதிதில் வாய் வறண்டுபோகிறது, காற்று கண்ணில் அடிக்கிறது என்று நடுராத்திரியில் முகமூடியைக் கழற்றிப் போட்டுவிடுவார். விற்ற கடையில் கேட்டால் "பழகிடும் சார்" என்பதோடு சரி.

நிலைமையை மாற்றியது ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் 10 என்ற சிபாப் மெஷினில் உள்ள தொலைக்கண்காணிப்புதான். உள்ளேயே மோடம் இருப்பதால் எத்தனை மணி நேரம் போட்டார், காற்று எவ்வளவு கசிந்தது, மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது எல்லாம் டாக்டர் தரப்புக்குப் போய்விடுகிறது. கசிவைப் பார்த்துவிட்டு அவர்களே வீடியோ காலில் வந்தார்கள். உட்கார்ந்திருக்கும்போது கச்சிதமாக இருந்த முகமூடி, ஒருக்களித்துப் படுத்ததும் மூக்கோரமாகத் தூக்கிக்கொண்டது! மெஷினை ஓடவிட்டு, படுத்த வாக்கிலேயே பட்டைகளைச் சரிசெய்ய வைத்தார்கள், ஈரப்பதத்தையும் கூட்டச் சொன்னார்கள். அப்புறம் கழற்றுவது நின்றது.

ரெஸ்மெட்டின் மைஏர் ஆப் தினமும் 100-க்கு மதிப்பெண் போடுகிறது. அதில் 70 மதிப்பெண் முகமூடி போட்டுக்கொண்ட நேரத்துக்கே, மூச்சுத் தடைக்கு வெறும் 5. அதனால் மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள், மணிக்கு 5-க்குக் கீழே தடைகள் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனத்தின் நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்விலும் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.8 மணி நேரம் போட்டார்கள், தொலைக்கண்காணிப்பும் இணையவழி விளக்கமும் கிடைத்தவர்கள் 4.8 மணி நேரம்.

வாங்கும்போதே தகவலை யார் பார்ப்பார்கள், கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.