ஊசிக்கு மெத்தையா, புத்தகமா?

சித்தி வீட்டில் ஊசிக்கு இடம் காலண்டர் அட்டை. தினமும் தேதி கிழிக்கிற காலண்டரின் மேல் ஓரத்தில் வெள்ளை நூலோடு ஒன்று, கறுப்பு நூலோடு ஒன்று குத்தி நிற்கும். ஜனவரியில் புதுக் காலண்டர் வந்தால் ஊசிகளும் வீடு மாறும். பல வீடுகளில் இதுதான் நிலவரம். காலண்டர் இல்லாவிட்டால் நூல்கண்டு, அதுவும் இல்லாவிட்டால் தாலிச் சரட்டில் தொங்குகிற ஊக்குகளுக்குப் பக்கத்தில் ஒன்று.

சித்திக்கு அறுபது முடிந்தபோது, கையால் தைத்து ஏதாவது கொடுக்க நினைத்தேன். தையல்காரர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பரிசுகளில் இரண்டுதான் பெரிய போட்டியாளர்கள். ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த பின்குஷன், ஊசி குத்தி வைக்கிற குட்டி மெத்தை. மற்றது, கைவேலைக்காரர்கள் நீடில்புக் என்று சொல்கிற ஊசிப் புத்தகம்: துணி அட்டைக்குள் கம்பளிப் பக்கங்கள், பக்கங்களில் ஊசிகள். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது, கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது. அதனால் எதைச் செய்தாலும் பகலில் கொடுப்பது, அதையும் மேஜைமேல் வைத்துவிடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

தைக்க எளிது பின்குஷன்தான். இரண்டு சதுரம், மூன்று பக்கம் தையல், உள்ளே ஏதாவது அடைப்பு, நான்காவது பக்கத்தையும் மூடினால் ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் அந்த “ஏதாவது” என்ற சொல்லில்தான் எல்லா வில்லங்கமும் இருக்கிறது.

முன்பு ஒரு முறை கனம் வேண்டும் என்று அரிசியைப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் சித்தியிடமிருந்து போன். “என்னடி இது, ஊசியிலயும் வண்டு வைக்குமா?” அன்றோடு தானிய வகை அத்தனைக்கும் கும்பிடு. போடிநாயக்கனூர்ப் பக்கம் விளைகிற இலவம்பஞ்சு தலையணைக்கு அருமை, இதற்கு ஆகாது. லேசானது, சீக்கிரம் படிந்துவிடும், ஊசி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். சாதாரணப் பருத்திப் பஞ்சு ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில் மழைக்காலம் முடிவதற்குள் ஊசியில் துருப் புள்ளி விழுந்துவிடும். கடையில் கிடைக்கிற பாலியஸ்டர் பஞ்சு துருப்பிடிக்க விடாது, ஆனால் துள்ளும். குத்திய ஊசி சாய்ந்து நிற்கும். வெட்டிய துணித் துணுக்குகள் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும்.

என் கணக்கில் மரத்தூள்தான் முதலிடம். தச்சுப் பட்டறையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சல்லடையில் சலித்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, நெருக்கமாக நெய்த துணியில் ஓர் உள்பை தைத்து, கரண்டிக் காம்பால் இடித்து இடித்து நிரப்ப வேண்டும். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் இரண்டு கரண்டி போகும். கல் மாதிரி ஆனால்தான் ஊசி நிமிர்ந்து நிற்கும். தலைமுடியை அடைக்கும் பழைய வழக்கமும் உண்டு. முடியிலிருக்கிற எண்ணெய்ப் பசை ஊசியைத் துருவிலிருந்து காக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் முடி அடைத்த பொருளை நம் ஊரில் பரிசாகக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு உறவு நீடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தக்காளி வடிவப் பின்குஷனில் ஒரு குட்டி ஸ்ட்ராபெரி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். அதற்குள் இருக்க வேண்டியது எமரிப் பொடி, தீட்டுகிற கல்பொடி. துருவேறிய ஊசியை அதில் நாலு முறை குத்தி எடுத்தால் மினுமினுப்பு திரும்பிவிடும். மலிவான தக்காளிகளில் அதிலும் பஞ்சுதான் இருக்கும். கையில் எடுத்து அமுக்கினால் நறநறவென்று மணல் போலத் தெரிகிறதா என்று பாருங்கள்.

பின்குஷனிலேயே கொஞ்சம் ஆடம்பரமாகச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு பிஸ்கோர்னு இருக்கிறது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கோணல்மாணலானது என்று பொருள். பார்க்கவும் அப்படித்தான், எட்டு மூலைகளோடு இருக்கும். சூட்சுமம் எளிது: இரண்டு சதுரங்களை மூலையோடு மூலை வைக்காமல், ஒன்றின் மூலையை மற்றதன் பக்கத்து நடுவில் வைத்துத் தைக்க ஆரம்பிக்க வேண்டும். 14 கவுண்ட் ஐடா துணியில், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் வருகிற எம்ப்ராய்டரித் துணியில், 8 செ.மீ. சதுரம் என்றால் ஒரு பக்கத்துக்கு 44 குறுக்குத் தையல் வரும். 22 எண்ணி முடித்ததும் ஒரு மூலை திரும்பும். பக்கத் தையல் இரட்டைப்படையாக இல்லாவிட்டால் நடு கிடைக்காது. சதுரங்களைச் சுற்றி முதலில் ஒரு பின்தையல் (பின்னால் குத்தி முன்னால் எடுத்து இடைவெளி இல்லாமல் போகிற தையல்) ஓட்டிவிட்டு, துணியை அந்தக் கோட்டில் மடித்து, அந்தத் தையல்களை மட்டும் ஒன்றோடொன்று கோத்துப் போனால் பிசிறே தெரியாது. இரு முகமும் முழுக்க நிரப்பினால் 3,800 தையலுக்கு மேல். நான் ஒன்று செய்தேன், மூன்று வாரம் ஆயிற்று. வாங்கிய தோழி அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறாள். அதில் இதுவரை ஓர் ஊசிகூட ஏறவில்லை. அழகு கூடக்கூட ஆள் குத்தத் தயங்குகிறார்கள் என்பது பிஸ்கோர்னுவின் நோய்.

பின்குஷனில் எனக்குத் தீராத குறை வேறு. அது ஊசியை விழுங்கும். குண்டூசிக்குத் தலை இருக்கிறது, வெளியே நிற்கும். கைத்தையல் ஊசிக்குத் தலை ஏது? அழுத்திக் குத்தினால் முழுசாக உள்ளே போய்விடும். வீட்டுப் பழைய பின்குஷன் ஒன்றைப் பிரித்தபோது பதினொரு ஊசிகள் கிடைத்தன. எல்லாம் தொலைந்துவிட்டதாக ஒவ்வொரு முறையும் புதிது வாங்கியவை. குழந்தைகள் இருக்கிற வீடாக இருந்து, பந்து என்று எடுத்து அமுக்கினால் என்ன ஆகும்? குண்டூசிக்குப் பின்குஷன், ஊசிக்குப் புத்தகம் என்று நான் கட்சி மாறியது அன்றுதான்.

ஊசிப் புத்தகத்துக்கு வெளித்துணி 18 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு. ரவிக்கைத் துணியில் மிஞ்சியது போதும். நான் எடுத்தது பழைய கண்டாங்கிச் சேலையின் கட்டம் போட்ட துணுக்கு. கட்டத் துணியில் ஒரு வசதி, கோடு போட வேண்டாம். நெசவே கோடு. உள்பக்கங்கள் 16-க்கு 8 செ.மீ. அளவில் இரண்டு கம்பளித் துண்டுகள். நடுவில் வைத்துப் பின்தையல் ஓட்டினால் அதுதான் புத்தகத்தின் முதுகு, நாலு பக்கமும் தயார். ஓரங்களுக்கு பிளாங்கெட் தையல், ஓரத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டே போகிற தையல். ஆங்கர் எம்ப்ராய்டரி நூல் ஒரு கட்டு 8 மீட்டர், ஆறு இழை. இரண்டு இழை பிரித்துத் தைத்தால் ஒரு கட்டே தாராளம். மூட ஒரு பொத்தானும் நூல் கண்ணியும். காந்தம் வைத்து மூடுவதும் பேஷனாக இருக்கிறது, வேண்டாம். ஊசிகளுக்குக் காந்தம் ஏறி, ஒன்றை எடுத்தால் மூன்று வரும்.

கம்பளி என்று சொல்லிவிட்டேன், கிடைப்பதுதான் சிரமம். கைவேலைக் கடைகளில் ஃபெல்ட் என்று விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர். அதுவும் பாதகமில்லை, நாளானால் குத்திய ஓட்டை தெரியும், அவ்வளவுதான். தாத்தாவின் குரங்குக் குல்லாவோ ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டரோ வீட்டில் இருந்தால் ஓர் இழை பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் நிஜக் கம்பளி. உருகி உருண்டை கட்டினால் அக்ரிலிக். என்னுடைய ஊட்டி ஸ்வெட்டர் உருகியது. இத்தனை வருடம் அதை நம்பிக் குளிர் தாங்கினோமே என்று கொஞ்சம் வருத்தம்தான். குல்லா தேறியது. அதைக் கொதிக்கிற நீரில் போட்டுத் தேய்த்துச் சுருங்க வைத்தால், வெட்டினாலும் ஓரம் பிரியாது.

புத்தகத்துக்கும் குறை உண்டு. இரண்டு மாலையாவது பிடிக்கும். தைத்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு முறையும் திறந்து மூடுவது எரிச்சல். நாள் முழுக்கத் தைக்கிறவர்களுக்கு இது உதவாது. எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கிற அக்காவுக்கு மணிக்கட்டில் கட்டுகிற சின்னப் பின்குஷன்தான் சரி. அடியில் ஒரு குளிர்பான பாட்டில் மூடியை வைத்துத் தைத்துவிட்டால் ஊசி மணிக்கட்டில் இறங்காது. ஹாஸ்டலுக்குப் போகிற பெண்ணுக்கு யோசிக்கவே வேண்டாம், புத்தகம். இரண்டு ஊக்கு, நாலு சட்டைப் பொத்தான், அட்டையில் சுற்றிய நூல் எல்லாம் அதிலேயே அடங்கும். கத்திரிக்கோல் உறையும் சிலர் தைக்கிறார்கள். பரிசு பெறுகிறவரிடம் இருக்கிற கத்திரிக்கோலின் அளவு தெரியாமல் ஆரம்பிக்காதீர்கள்.

சித்தி விஷயத்தில் என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. சித்திக்குத் தைக்க வரும், நூல் கோக்கத்தான் கண் விடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கோத்து வாங்குவார். சரி என்று பத்து ஊசிகளில் முன்கூட்டியே நூல் கோத்தேன். எட்டாம் நம்பர் ஊசிகள். கைத்தையல் ஊசியில் எண் கூடினால் ஊசி மெலியும், மெஷின் ஊசிக்கு நேர் எதிர். எட்டு அவர் விரலுக்குப் பிடிபடுகிற பருமன். வெள்ளை நாலு, கறுப்பு மூன்று, மெரூன், பச்சை, நீலம். ஒரு பக்கத்துக்கு மூன்று வீதம் குத்தி, நூலை ஊசியின் இரு முனைக்கும் அடியில் எட்டு போலச் சுற்றிவிட்டால் சிக்காது. மிஞ்சிய நீலம் கடைசிப் பக்கத்துக்கு. பின்குஷனில் இதே பத்தைக் குத்தியிருந்தால் ஒரே நாளில் காக்காய்க் கூடு ஆகியிருக்கும்.

பொங்கலுக்குப் போனபோது புத்தகம் என் முன்னால் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. பத்து ஊசியும் இருந்தன, நூல் ஒன்றில்கூட இல்லை. “இந்தத் தடவை கறுப்பு அஞ்சா போடு, வெள்ளை அவ்வளவு வேணாம்” என்றார் சித்தி. காலண்டர் அட்டையில் இப்போது ஊசி இல்லை, ரேஷன் கார்டு சொருகியிருக்கிறது.